ஒரே விகிதத்துக்குள் மறைந்த கட்டணம்: ஒரு ஜவுளிக்கடையின் கார்டு கணக்கு

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் மூன்று தளங்களோடு இயங்கும் ஜவுளிக்கடை அது. முகூர்த்தப் பட்டுதான் அதன் பேர்சொல்லும் சரக்கு. வைகாசி மாதக் கணக்கை முடித்தபோது விற்பனை 60 லட்சம் ரூபாய். ரொக்கம் 15 லட்சம், யுபிஐ 20 லட்சம், கார்டு 25 லட்சம். கார்டு வழியாக வந்த 25 லட்சத்துக்கு, ஸ்வைப் மெஷின் கொடுத்த நிறுவனம் பிடித்துக்கொண்ட கட்டணம் 47,500 ரூபாய். அதன்மேல் ஜிஎஸ்டி சுமார் 8,000. நான்கு மெஷின்களுக்குத் தலா 500 ரூபாய் வாடகை தனி. கடையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

அந்தக் கடையின் வரிக் கணக்குகளைப் பார்ப்பவன் நான். கடையின் உரிமையாளரான அண்ணாச்சி என்னிடம் கேட்டது எளிய உதவி. "தம்பி, இவர்களிடம் பேசிக் கொஞ்சம் குறைக்க முடியுமா? 1.9 சதவீதத்தை 1.7 ஆக்கினால்கூடப் போதும்." செலவெல்லாம் போக நூறு ரூபாய்க்கு நாலைந்து ரூபாய் நிற்கும் தொழிலில், கார்டுக்கு மட்டும் 1.90 ரூபாய் போனால் யாருக்கும் உறுத்தும். அவர் பேரம் பேசச் சொன்னார். ஆனால் ஸ்டேட்மென்டை வகைவாரியாகப் பிரித்தபோது, பேரத்தால் கிடைக்கக்கூடியது மிகச் சிறிய தொகை என்பதும், சட்டப்படி அவரிடம் பிடித்திருக்கவே கூடாத தொகைதான் பெரியது என்பதும் தெரிந்தது. கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

பணம் எங்கே போகிறது

வாடிக்கையாளர் 10,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்க்கிறார். கடைக் கணக்கில் மறுநாள் வருவது 9,810. குறைந்த 190 ரூபாயைத்தான் எம்டிஆர் என்கிறார்கள். கடை வழக்கில் கமிஷன். இது மூன்று பேருக்குப் பிரிகிறது. பெரும்பங்கு, அந்தக் கார்டை வாடிக்கையாளருக்குக் கொடுத்த வங்கிக்கு. அதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புக்கு. மீதி, கடைக்கு மெஷின் கொடுத்துப் பணத்தைக் கணக்கில் சேர்க்கும் வங்கிக்கும் அதன் சார்பில் வேலை செய்யும் நிறுவனத்துக்கும்.

கடைக்காரர் பேரம் பேசுவது இந்த மூன்றாவது தரப்போடு மட்டுமே. அந்தத் தரப்பின் கையில் இருப்பது அதன் பங்கு மட்டும்தான். இன்டர்சேஞ்சை அந்தத் தரப்பால் குறைக்க முடியாது. கிரெடிட் கார்டில் அது கார்டுக்குக் கார்டு மாறும். புள்ளிகளும் விமான நிலைய ஓய்வறை வசதியும் தரும் உயர்வகைக் கார்டுகளுக்கும், நிறுவனங்களின் பெயரில் தரப்படும் கார்டுகளுக்கும் அது கூடுதல். வெளிநாட்டு வங்கி கொடுத்த கார்டுக்கு இன்னும் கூடுதல். அந்தச் சலுகைகளின் செலவில் ஒரு பகுதியைப் பட்டுப்புடவை விற்கும் கடைக்காரர்தான் சுமக்கிறார். இது எத்தனை கடைக்காரர்களுக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

ஸ்டேட்மென்டில் இல்லாத பத்தி

நிறுவனம் மாதந்தோறும் மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்டேட்மென்டில் தேதி, மெஷின் எண், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், பில் தொகை, கட்டணம், நிகரத் தொகை ஆகியவை இருந்தன. அது டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா என்று சொல்லும் பத்தி இல்லை. கட்டணப் பத்தியில் எந்த வரியை எடுத்தாலும் 1.90 சதவீதம். ஒப்பந்தத்தில் "அனைத்துக் கார்டுகளுக்கும் ஒரே விகிதம்" என்று ஒரு வரி இருந்தது. விற்க வந்த பிரதிநிதி அதைச் சலுகையாகவே சொல்லியிருக்கிறார். எளிமை, கணக்குப் பார்க்க வசதி, மறைமுகக் கட்டணம் கிடையாது என்று.

கார்டு வகையை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லாவில் இருக்கும் பெண் ஒவ்வொரு நாளின் கார்டு சீட்டுகளையும் ஒரு கம்பியில் குத்தி, இரவில் கழற்றி, ரப்பர் பேண்ட் போட்டு உறையில் வைக்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பழக்கம்தான் இந்த ஆய்வைச் சாத்தியமாக்கியது. சிப் உள்ள கார்டைப் போட்டு எடுத்த சீட்டில் "ரூபே டெபிட்", "விசா டெபிட்", "மாஸ்டர்கார்டு" என்று கார்டின் வகை பெரும்பாலும் அச்சாகியிருக்கும். சூட்டில் பதியும் தாள் என்பதால் வெயில் பட்ட சீட்டுகளில் எழுத்து மங்கிவிடும். உறைக்குள் இருட்டில் இருந்தவை தெளிவாகவே இருந்தன. கடைசி நான்கு இலக்கங்களை வைத்துச் சீட்டையும் ஸ்டேட்மென்டையும் பொருத்தினோம். பொருந்தாமல் போன சில பில்களுக்கு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்நுழைந்து முழு விவரக் கோப்பை இறக்கியபோது அதில் கார்டு வகைக்கான பத்தி இருந்தது. மின்னஞ்சலில் வரும் ஸ்டேட்மென்டில் மட்டும் அதைக் காட்டுவதில்லை.

25 லட்சம் இப்படிப் பிரிந்தது. ரூபே டெபிட் 3 லட்சம். மற்ற டெபிட் கார்டுகள் 8 லட்சம். சாதாரண கிரெடிட் கார்டுகள் 9 லட்சம். உயர்வகை, நிறுவனக் கிரெடிட் கார்டுகள் 4 லட்சம். வெளிநாட்டுக் கார்டுகள் 1 லட்சம். கல்யாணத்துக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கொடுத்தவை அவை.

விதி என்ன சொல்கிறது

டெபிட் கார்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது இந்தியாவில் 2012 முதலே வரையறுக்கப்பட்ட விஷயம். அந்த ஆண்டில் 2,000 ரூபாய் வரையிலான பில்லுக்கு 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபின், 2017 ஜனவரி முதல் சிறிய தொகைகளுக்கான வரம்பு இன்னும் குறைக்கப்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 2017 டிசம்பர் 6 அன்று வெளியாகி 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சுற்றறிக்கை. முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள வணிகர் என்றால் மெஷின் வழி டெபிட் கார்டுக்கு அதிகபட்சம் 0.40 சதவீதம், ஒரு பில்லுக்கு 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. 20 லட்சத்துக்கு மேல் என்றால் அதிகபட்சம் 0.90 சதவீதம்; ஒரு பில்லுக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

ரூபே டெபிட் கார்டின் கதை வேறு. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் எம்டிஆர் கிடையாது. 2007-ஆம் ஆண்டின் கொடுப்பனவு மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் இதற்கென்றே 10ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கடை பெரியதா, சிறியதா என்ற பேச்சே இதில் இல்லை.

இன்னொரு சுற்றறிக்கையையும் சொல்லியாக வேண்டும். டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் ஒரே விகிதத்தைக் கட்டி வசூலிக்கும் போக்கைக் கவனித்த ரிசர்வ் வங்கி, இரண்டுக்கும் தனித்தனியாக விகிதம் காட்ட வேண்டும் என்று 2016 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்திவிட்டது. அண்ணாச்சியின் ஒப்பந்தம் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துக் கையெழுத்தானது.

இப்போது வைகாசிக் கணக்கைப் பார்க்கலாம். ரூபே டெபிட் 3 லட்சத்துக்கு வசூலித்தது 5,700 ரூபாய். வசூலித்திருக்க வேண்டியது பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளின் 8 லட்சத்துக்கு வசூலித்தது 15,200. இந்த எட்டு லட்சத்தில் ஒரு பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மணப்பெண்ணுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் சேர்த்து எடுத்த பட்டு, 2,40,000 ரூபாய். ஒரே பில்லுக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே பெண்ணின் தந்தை டெபிட் கார்டைக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு சீட்டுக்குப் பிடித்த கட்டணம் 4,560 ரூபாய். 0.90 சதவீதம் என்றால் 2,160. ஆனால் ஒரு பில்லுக்கு 1,000 என்ற வரம்பு இருப்பதால் பிடித்திருக்கக்கூடியது 1,000 மட்டுமே. மீதி 5,60,000 ரூபாய்க்கு 0.90 சதவீதம் 5,040. ஆக, டெபிட் கார்டுகளுக்கு அதிகபட்சம் 6,040 ரூபாய். கூடுதலாகப் போனது 9,160.

ரூபேயையும் சேர்த்தால் ஒரே மாதத்தில் 14,860 ரூபாய். யாரிடமும் கெஞ்சவோ மிஞ்சவோ தேவையில்லாமல், விதிப்படி கடையிலேயே இருந்திருக்க வேண்டிய பணம் இது.

கடிதம்

தொலைபேசியில் பேசுவதால் பயனில்லை என்பது என் அனுபவம். அண்ணாச்சி முதலில் பிரதிநிதியை அழைத்தார். "எல்லா வணிகருக்கும் இதே விகிதம்தான் அண்ணாச்சி, கணினியில் அப்படித்தான் வருகிறது" என்று பதில் வந்தது. ரூபேயில் தங்கள் நிறுவனத்துக்கு ஒரு காசும் கிடைப்பதில்லை, மெஷினும் சீட்டுத் தாளும் யார் காசில் ஓடும் என்றும் அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். கட்டணமே இல்லாத முறையை நடத்த வங்கிகளுக்குச் செலவு ஆகத்தான் செய்கிறது. அதனால்தான் சிறு வணிகர்களுக்குச் செல்லும் 2,000 ரூபாய் வரையிலான யுபிஐ தொகைகளுக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை தர, 2024-25 நிதியாண்டுக்கு மட்டும் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அந்தத் தொகை போதுமா என்று வங்கிகளும் அரசும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். அதை ஜவுளிக்கடையின் கமிஷனில் கலந்து ஈடுகட்டுவதில் நியாயம் இல்லை.

கடிதத்தில் நான்கே விஷயங்கள் எழுதினோம். 2017 டிசம்பர் 6 சுற்றறிக்கையின் வரம்பு, 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட்டுக்கு உள்ள விலக்கு, எங்கள் பிரிப்புக் கணக்கு, கூடுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கை. 2,40,000 ரூபாய்ச் சீட்டின் நகலைத் தனியாக இணைத்தோம். ஒரு மாதத்தின் கூட்டுத்தொகையைப் படித்தால் அலுவலர் ஒருவர் மறுவாதம் தேடுவார். ஒரு சீட்டில் 1,000 இருக்க வேண்டிய இடத்தில் 4,560 இருப்பதைப் பார்த்தால் வாதத்துக்கு இடமே இல்லை. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும், அதன் பின்னால் உள்ள வங்கியின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே நாளில் அனுப்பினோம். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அந்தத் திட்டம் 2021 நவம்பரில் தொடங்கியது. கிரெடிட் கார்டு விகிதம் அதிகம் என்று அங்கே போனால் அது வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். உச்சவரம்பை மீறினார்கள் என்பது வேறு வகைப் புகார்.

முப்பது நாள் ஆகும் முன்பே பதில் வந்தது. அடுத்த மாதம் முதல் டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதமும் 1,000 ரூபாய் வரம்பும், ரூபே டெபிட்டுக்குப் பூஜ்யமும் ஆயின. ஆறு மாதக் கூடுதல் தொகையைத் திருப்பித் தரவும் ஒப்புக்கொண்டார்கள். கையோடு ஒரு குறிப்பும் இருந்தது: விகிதத்தைப் பிரிக்கும்போது கிரெடிட் கார்டுகளுக்கும் பிரித்தே வசூலிப்போம்.

பேரம் எவ்வளவு தந்தது

இந்தக் குறிப்பைக் கண்டு அண்ணாச்சி கோபப்பட்டார். ஆனால் ஒரே விகித முறையில் உயர்வகைக் கார்டுகளிலும் வெளிநாட்டுக் கார்டுகளிலும் நிறுவனத்துக்கு நஷ்டம். அதை டெபிட் கார்டில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரித்துவிட்டால் ஒரு பக்கம் ஏறத்தான் செய்யும். அவர்கள் கேட்டது சாதாரண கிரெடிட் கார்டுக்கு 1.80, உயர்வகைக்கு 2.20, வெளிநாட்டுக் கார்டுக்கு 3 சதவீதம். வேறு இரண்டு நிறுவனங்களிடம் எழுத்தில் விகிதம் வாங்கினோம். ஆடி, மார்கழி மாதங்களின் மந்தத்தையும் மறைக்காமல், முந்தைய ஓராண்டின் கார்டு விற்பனையை மாதவாரியாக, வகைவாரியாகக் காட்டினோம். "நிறைய விற்பனை உண்டு" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம். கடைசியில் 1.60, 2.10, 3.00 என்று முடிந்தது.

புதிய விகிதங்களை அதே வைகாசி விற்பனைக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண கிரெடிட் 9 லட்சத்துக்கு 17,100 ஆக இருந்தது 14,400 ஆகிறது. உயர்வகை 4 லட்சத்துக்கு 7,600 ஆக இருந்தது 8,400 ஆக ஏறுகிறது. வெளிநாட்டுக் கார்டு 1 லட்சத்துக்கு 1,900 ஆக இருந்தது 3,000 ஆகிறது. மூன்றையும் சேர்த்தால் கிரெடிட் கார்டு பக்கத்தில் நிகர மிச்சம் வெறும் 800 ரூபாய். விதியைக் காட்டியதால் மிஞ்சியது 14,860. மொத்தக் கட்டணம் 47,500-லிருந்து 31,840 ஆக இறங்கியது, 1.90 சதவீதமாக இருந்தது சராசரியாக 1.27 சதவீதம்.

இந்த மிச்சத்தைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக்கு இவ்வளவு என்று சொல்ல நான் தயாரில்லை. வைகாசி முகூர்த்த மாதம். பெரிய பில் அதிகம், டெபிட் கார்டும் அதிகம். தீபாவளி மாதத்தில் சின்ன பில்களும் யுபிஐயும் கூடும். கணக்கு மாதத்துக்கு மாதம் மாறும். கடைக்குக் கடையும் மாறும். வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றுக்கு, கிரெடிட் கார்டுகளைப் பொறுத்தவரை ஒரே விகிதமே லாபமாக இருக்கலாம். அங்கும் டெபிட் கார்டுக்கான உச்சவரம்பு பொருந்தும் என்பது மட்டும் மாறாது.

கிரெடிட் கார்டு விஷயத்தில் என் ஆதங்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 டிசம்பர் முதல் தனிநபர் கார்டுகளின் இன்டர்சேஞ்சுக்கு உச்சவரம்பு இருக்கிறது: டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். இந்தியாவில் கிரெடிட் கார்டு கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி வரம்பு எதையும் வைக்கவில்லை. உயர்வகைக் கார்டு கொடுப்பவரின் புள்ளிகளுக்கான செலவு கடையின் விலைக்குள் ஏறி, ரொக்கம் கொடுத்துச் சாதாரணச் சேலை எடுக்கும் கூலித் தொழிலாளியின் தலையிலும் விழுகிறது. இதற்கு ஒரு வரம்பு வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜிஎஸ்டியில் கசிந்த பணம்

கட்டணத்தின்மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அண்ணாச்சியின் கடை வழக்கமான முறையில் பதிவு செய்தது. எனவே அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் அது செலவே அல்ல. ஆனால் மாதம் சுமார் 8,000 ரூபாய் இந்த வரவுகளைப் பட்டியலிடும் எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வரவேயில்லை. தேடிப் பார்த்ததில், மெஷின் வாங்கிய நாளில் நிரப்பிய விண்ணப்பத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கான கட்டம் காலியாக விடப்பட்டிருந்தது. நிறுவனம் கடையைப் பதிவு இல்லாத வாடிக்கையாளராகக் கருதி வரியைக் கட்டிவந்திருக்கிறது. எண்ணைச் சேர்த்த அடுத்த மாதமே வரவு தெரிந்தது. டெபிட் கார்டு கட்டணம் பற்றி யோசிக்கும் எல்லோரும் முதலில் தங்கள் 2பி அறிக்கையில் மெஷின் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. விற்றுமுதலில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் இணக்க வரி முறையில் இருக்கும் சிறு வணிகர்களுக்கு இந்த வரவு கிடையாது. அவர்களுக்கு அந்த 18 சதவீதமும் சேர்ந்தே செலவு.

2,000 ரூபாய் வரையிலான ஒரு கார்டு பில்லைத் தீர்த்துக்கொடுக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. வங்கிக்கு மட்டுமா, கடைகளுக்காகப் பணத்தை வாங்கிச் சேர்க்கும், ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பேமென்ட் அக்ரிகேட்டர் நிறுவனங்களுக்கும் சேர்த்தா என்று குழப்பம் இருந்தது. அவர்களுக்கும் உண்டு என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. உள்பாவாடை, ஜாக்கெட் துணி, துண்டு விற்கும் கீழ்த்தளத்து மெஷினில் இந்த விலக்கு சரியாகவே கொடுக்கப்பட்டிருந்தது. அதையும் சரிபார்த்துக் குறித்துக்கொண்டேன்.

யுபிஐ தொகையில் கட்டணம் ஏன்

அண்ணாச்சிக்கு மிகுந்த எரிச்சல் தந்தது வேறொன்று. யுபிஐக்குக் கட்டணம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஆனால் க்யூஆர் கோடு வழியாக வந்த சில தொகைகளில் பிடித்தம் இருந்தது. அது தவறல்ல. வாடிக்கையாளர் தன் வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ அனுப்பினால் கட்டணம் இல்லை. 2022 செப்டம்பர் முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக்கொள்ளலாம். அப்படி இணைத்தவர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பின்னணியில் நடப்பது கிரெடிட் கார்டு பரிவர்த்தனை, கட்டணம் உண்டு. சிறு வணிகர் என்ற வகைக்குள் வருவோருக்கு மட்டும் 2,000 ரூபாய் வரை விலக்கு. இந்தக் கடை அந்த வகையில் வராது. வாலட்டிலிருந்து வரும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்கும் 2023 ஏப்ரல் முதல் 1.1 சதவீதம் வரை இன்டர்சேஞ்ச் இருக்கிறது. தொகை பெரிதில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

கல்லாவில் மாறியவை

கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது: "கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல்." முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னேன். டெபிட் கார்டு கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கும் கடை கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே அதற்குத் தடை இருந்தது. அண்ணாச்சி தயங்கினார். "பக்கத்துக் கடையிலும் வாங்குகிறார்களே தம்பி?" பக்கத்துக் கடையில் வாங்குவது நமக்குப் பாதுகாப்பு ஆகாது. மேலும், விதிமீறலைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதும் கடையின் சுவரிலேயே இன்னொரு விதிமீறல் தொங்கக் கூடாது.

அட்டை இருந்த இடத்தில் இப்போது க்யூஆர் கோடு. கார்டைக் கொடுப்பவரிடம் எதுவும் கேட்பதில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட முகூர்த்த பில் என்றால் மட்டும், கல்லாவில் இருப்பவர் கடையின் வங்கிக் கணக்கு விவரம் அச்சிட்ட சீட்டு ஒன்றை நீட்டி, வசதி இருந்தால் நேரடியாக அனுப்பலாம் என்று சொல்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் முறைகளில் நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் முதலும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன. பணம் வந்து சேர்வதற்குக் கடையிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பெண் வீட்டார் துணியை மடித்துக் கட்டி முடிப்பதற்குள் பெரும்பாலும் பணம் ஏறிவிடுகிறது. கார்டே வசதி என்பவர்களிடம் கார்டையே வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்னொரு மாற்றம் சின்னதாகத் தெரியும், ஆனால் துணிக்கடைக்கு முக்கியமானது. பில் போட்ட அரை மணியில் "இந்த நிறம் வேண்டாம்" என்று திரும்பி வருவோர் உண்டு. முன்பு அந்தப் பில்லைத் திருப்பிச் செலுத்தலாகப் பதிந்தார்கள். முதல் விற்பனைக்குப் பிடித்த கட்டணம் திரும்பி வராது. இப்போது, அன்றைய கணக்கை மெஷினில் முடிக்கும் முன்பே என்றால் அந்தப் பரிவர்த்தனையை மெஷினிலேயே ரத்து செய்துவிடுகிறார்கள். கட்டணமே விழுவதில்லை. கணக்கு முடிக்கும் நேரத்தை இரவு கடை அடைத்தபின் என்று மாற்றிக்கொண்டார்கள். தீபாவளிக்கு மட்டும் எடுத்து, மற்ற மாதங்களில் சரக்கறையில் கிடந்த நான்காவது மெஷினைத் திருப்பிக் கொடுத்ததில் மாதம் 500 ரூபாயும் அதற்கான வரியும் மிச்சம்.

அண்ணாச்சியின் மச்சான் அதே தெருவில் தையல் பொருள் கடை வைத்திருக்கிறார். நூல், பொத்தான், லைனிங் துணி. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள். அவரிடமும் ஸ்டேட்மென்டைக் கேட்டு வாங்கினேன். டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதம் பிடித்திருந்தார்கள். சரியானதுபோலத் தோன்றும் எண். ஆனால் அவருக்கு உரிய வரம்பு 0.40. விற்றுமுதல் எவ்வளவு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முந்தைய ஆண்டின் விற்றுமுதலைக் காட்டும் சான்றைக் கொடுத்ததும் மாற்றிவிட்டார்கள். தொகை மாதம் சில நூறு ரூபாய்தான். அவருடைய கடைக்கு அது ஒரு மாத மின்கட்டணத்தில் பாதி.

இன்னும் தீராதது

ஆறு மாதக் கூடுதல் தொகை, முந்தைய பில்லைக் குறைத்துக்காட்டும் கிரெடிட் நோட்டாக வந்து, அடுத்தடுத்த கட்டணங்களில் கழிந்துகொண்டிருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கும் கணக்கு போட்டு அனுப்பியிருக்கிறோம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு நிதியாண்டின் விற்பனைக்கான கிரெடிட் நோட்டை, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் ஜிஎஸ்டி கணக்கில் காட்டியாக வேண்டும். அந்தத் தேதி கடந்த மாதங்களுக்குக் கமிஷனை மட்டும் திருப்பலாம், அதன்மேல் அரசுக்குக் கட்டிய வரியைத் தங்களால் சரிக்கட்ட முடியாது என்கிறது நிறுவனம். வாங்கியிருக்கவே கூடாத கட்டணத்தின்மீது வாங்கிய வரி அது, உங்கள் கையிலிருந்து கொடுங்கள் என்பது எங்கள் நிலை. ஜிஎஸ்டி எண் பதிவாகாத காலம் என்பதால் உள்ளீட்டு வரவாகவும் அது எங்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த வாதத்தை எழுதி வங்கிக்குத் தனியாகக் கடிதம் கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கான மனுவும், சீட்டு நகல்களும், மாதவாரிப் பட்டியலும் தயாராக இருக்கின்றன.